கழுதை கொண்டுபோன ‘த’

என் பிற்காலக் கவிதைகளைப் பற்றி இதுவரை மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் ‘மௌனம்’ என்ற சொல் வருகிறது. ஒன்றில் வலியின் மௌனம், இன்னொன்றில் வரலாற்றின் மௌனம். மூன்றாவதை எழுதியவர் அவசரக்காரர், இரண்டையும் சேர்த்து ‘வரலாற்று வலியின் மௌனம்’ என்று போட்டுவிட்டார். பல்லைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் ஒளித்தவனல்ல, கேட்ட எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். மேல்வரிசையில் எனக்கு முன்பற்கள் நான்கு இல்லை. என் கவிதை மாறியதற்குக் காரணம் அதுதான்.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் தம்பியின் மகள். அவள் என்னிடம் நாலு வரி கேட்டாள். அந்த நாலு வரியை எழுதப்போய்த்தான் எனக்கே என் கவிதையின் கதை விளங்கியது.

கவிஞன் என்றால் துன்பப்பட்டிருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்க்கிறார்கள். துன்பத்துக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் பிறந்தவன். இடம்பெயர்ந்து மரத்தடியில், பள்ளிக்கூடத்தில், கோயில் விறாந்தையில் எல்லாம் படுத்திருக்கிறேன். கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, சம்பளம் வராத மாதங்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சக் காலம் கள்ளிலும் மூழ்கிக் கிடந்தேன். இவற்றில் ஒன்றுகூட என் கவிதையில் ஒரு வரியைத் திருத்தவில்லை. பசித்தபோது பசிதான் வந்தது, கவிதை வரவில்லை. மரத்தடியில் படுத்தபோது எறும்பு கடித்தது. இத்தனைக்கும் மசியாத கவிதையை ஒரு கழுதை ஒரே பின்னேரத்தில் மாற்றிவிட்டது.

பல் இருந்த காலத்தில் நான் மேடைக் கவிஞன். கோயில் திருநாள், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, சங்கத்து ஆண்டு விழா, எங்கே கவியரங்கம் நடந்தாலும் எனக்கு ஒரு கதிரை இருக்கும். என் கவிதைகள் இப்படித்தான் தொடங்கும்:

தாயே! தமிழே! தரணிபுகழ் தேன்மொழியே!
தலைதந்தோம் தளையறுக்கத் தணலானோம் தாங்கிடுவாய்!

பொருள் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ‘த’ வரிசையாக விழுந்தால் சனம் கைதட்டும். தமிழில் பெரிய விசயமெல்லாம் ‘த’விலேயே தொடங்குகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களோ தெரியாது. தமிழ், தாய், தாயகம், தியாகம், தவம், தலைவன், தர்மம், தேசம், தெய்வம், தீ. மேடைக் கவிஞனுக்கு இந்த ஒரு எழுத்தே போதும். மிச்ச எழுத்துகள் இடையில் ஒட்டுவதற்குத்தான். நான் அந்த எழுத்தை வைத்தே வாழ்ந்தேன்.

மேடை இல்லாத நாட்களில் கல்வெட்டு எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்கள். அதில் செத்தவரின் படமும் பெருமையும் பாட்டில் வரும். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் எல்லோருக்கும் நான் எழுதினேன். எல்லோரும் தங்கமானவர்கள், தர்மவான்கள், தரணியைத் தவிக்க விட்டுச் சென்றவர்கள். பெயரையும் படத்தையும் மாற்றினால் சரி. ஊரில் எனக்குச் ‘செத்தவீட்டுக் கவிஞர்’ என்ற பட்டம் இருந்தது, மரியாதையாகத்தான்.

சண்டை முடிந்த பிறகு ஒரு பின்னேரம், அச்சகத்தில் ஒரு கல்வெட்டின் திருத்தப் பிரதியை வாங்கிக்கொண்டு மன்னார்ப் பட்டினத்துக்குள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் கைபிடி, மறு கையில் என் கவிதை. வாசித்து ரசித்தபடி வந்தேன். முன்னால் கழுதை நின்றது. மன்னார்த் தெருக்களில் திரிகிற எங்கள் கழுதைகள் ஆர் வந்து ஆண்டாலும் வழிவிட்டவை அல்ல. மணியடித்தேன். அது அசையவில்லை. கடைசி நேரத்தில் தலையை மட்டும் திருப்பியது. அதன் தாடையும் என் வாயும் ஒரே உயரத்தில் இருந்தன.

கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே விழுந்த கல்வெட்டின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டு மற்றப் பக்கத்தையும் முகர்ந்து பார்த்தது. என் கவிதையை முழுமையாக உள்வாங்கிய முதல் வாசகர் அதுதான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

முன்பல் இல்லாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. பால்பல் விழுந்த வயதிலும் இதே இடம் கொஞ்சக் காலம் வெறுமையாகக் கிடந்ததாம். அப்போதுதான் என் தம்பி பிறந்திருந்தான். ‘தம்பி’ என்று சொல்ல வராமல் அவனை ‘அம்பி’ என்று கூப்பிடுவேனாம். பல் முளைத்து ஒழுங்காகக் கூப்பிடத் தொடங்கியபோது அந்தப் பயல் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று அம்மா சொல்லிச் சிரிப்பா. அவனுக்கு மீசை முளைத்த பிறகும் நான் ‘அம்பி’ என்றுதான் கூப்பிட்டேன். கலியாணம் முடிந்த கையோடு அவன் என்னைத் தனியே கூட்டிக்கொண்டுபோய், “அண்ணை, இனிமேல் அப்பிடிக் கூப்பிடாத. மனிசிக்காரி சிரிக்கிறாள்” என்றான். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வயதில் பல் இல்லாததற்கு ஒருவரும் குறை சொல்லவில்லை. இந்த வயதில் நிலைமை வேறு. ‘த’ என்பது நாக்கின் நுனி மேற்பல்லில் முட்டிப் பிறக்க வேண்டிய எழுத்து. நாக்கு முட்டப் போகும், அங்கே ஒன்றும் இராது, வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அதோடு ஒரு காற்றும் கொஞ்ச எச்சிலும் வரும். சொல்லின் நடுவில் வருகிற ‘த’வை எப்படியோ மழுப்பலாம். முதலில் நின்றால் ஒளிக்க இடமில்லை. தமிழ் எனக்கு ‘ஹமிழ்’ ஆயிற்று. கடைப் பையனைத் தம்பி என்று கூப்பிட வழியில்லாமல் ‘ராசா’ என்றேன், ‘மோனை’ என்றேன். ஒருநாள் என் சைக்கிளை மறித்த இளம் பொலிஸ்காரரையும் ‘ராசா’ என்றுவிட்டேன். அவர் சந்தோசமாகப் போகவிட்டார்.

உடனே பல்லுக் கட்டினேன். கட்டிய சூட்டோடு ஒரு கவியரங்கம் வந்தது. நான் எழுந்து, மூச்சை நிறைய இழுத்து, “தாயே” என்றேன். பல் புறப்பட்டது. அது ஒலிவாங்கியில் பட்டு, முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினரின் மாலைக்குள் போய் விழுந்தது. அவர் நல்ல மனிதர். மாலையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். சனம் அன்றைக்குத் தட்டியதுபோல என் வாழ்க்கையில் எந்தக் கவிதைக்கும் கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்து பல்லை அலுமாரிக்குள் போட்டேன். இனி எனக்குப் பல்லும் வேண்டாம், ‘த’வும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

கேட்பதற்கு இலேசாக இருக்கும். செய்துபாருங்கள். பேனையை எடுத்தால் கை பழைய தடத்திலேயே போகும். எழுதி முடித்துவிட்டு வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு எதிரில் ஒரு ஆள் தேவை. என் மனைவி கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறவள். முற்றத்தில் பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டு அவள் வெட்டுவாள், நான் எதிரில் கதிரையைப் போட்டு வாசிப்பேன். வரி சரியென்றால் மீனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ‘த’ வந்தால் எச்சில் தெறிக்கும், தோளை உயர்த்தி முகத்தைத் துடைத்துவிட்டு, “இது வேண்டாம்” என்பாள். அவள் முகம் துடைத்தால் அந்த வரி போச்சு. இத்தனை கறாரான பதிப்பாசிரியர் எந்தப் பதிப்பகத்திலும் கிடையாது. இப்படித்தான் தாயகம் போயிற்று, தியாகம் போயிற்று, தெய்வம்கூடப் போயிற்று. வேதக்காரனாக இருந்துகொண்டு தேவனைத் துறப்பது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ‘ஆண்டவர்’ இருக்கிறார்தானே என்று சமாதானப்பட்டேன்.

பெரிய சொற்கள் எல்லாம் போன பிறகு முற்றத்தில் இருந்தவைதான், காயப்போட்ட கூனி இறாலும் காகமும்தான், மிஞ்சின.

கூனி காய்கிறது.
காகம் பார்க்கிறது.
நானும் பார்க்கிறேன்.
எங்கள் இரண்டு பேருக்கும்
ஒரே யோசனை.

இதை வாசித்தபோது மனைவி மீன் வெட்டுவதை நிறுத்தி நிமிர்ந்து, முதலில் காகத்தையும் பிறகு என்னையும் பார்த்தாள். “உங்களுக்குப் பசிக்குதெண்டால் வாயைத் திறந்து கேக்கிறதுதானே” என்றாள். எனக்கு அது பெரிய மதிப்புரை. அதுவரை என் கவிதையைக் கேட்டு ஒருவருக்கும் எதுவும் விளங்கியதில்லை.

கல்வெட்டில்தான் சிக்கல் வந்தது. தங்கமானவர், தர்மவான், தயாளன் மூன்றும் போய்விட்டால் செத்தவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? வேறு வழியில்லாமல் செத்தவீட்டில் போய் விசாரிக்கத் தொடங்கினேன். அவர் என்ன செய்வார், எப்படி நடப்பார், எதற்குக் கோபம் வரும் என்று கேட்டேன். அத்தனை வருசம் கல்வெட்டு எழுதியும் இதை ஒருபோதும் கேட்டதில்லை. மீன் விற்ற ஒரு பெண்ணுக்கு இப்படி எழுதினேன்:

விலை குறைக்கமாட்டா.
நாங்கள் கோபித்துக்கொண்டு போனால்
பின்னால் கூப்பிட்டு
ஒரு மீனைச் சும்மா போடுவா,
ஏசிக்கொண்டே.

வாசித்தபோது செத்தவீட்டில் முதலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியும் முன்னரே அவவின் மூத்த மகன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அதற்குப் பிறகு கொண்டச்சியிலிருந்து எல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். “ஐயா, அம்மா ஏசுறதையும் போடுங்கோ” என்பார்கள். என் பிற்காலக் கவிதை என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு ஆய்வாளர் என்னைப் பார்க்க வந்தார். நம் ஆள்தான், சின்ன வயதில் போனவர். நல்ல கமரா, நல்ல சப்பாத்து. என் இரண்டு காலத்துக் கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தார்.

“சண்டைக்குப் பிறகு தாயகம், தியாகம் எண்ட சொல்லுகளை நீங்கள் முற்றாக விட்டிட்டீங்கள். ஏன் ஐயா?” என்று கேட்டார்.

“பல்லு இல்லை” என்று வாயைத் திறந்து காட்டினேன்.

அவர் முகம் இருண்டது. ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினார். “எங்க வச்சு உடைச்சவங்கள்?”

“பஸ் நிலையத்துக்குக் கிட்ட.”

“ஆர்?”

“கழுதை.”

அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, “விளங்குது ஐயா. பேர் சொல்ல ஏலாதுதானே” என்றார். இல்லை, நாலு காலும் வாலும் உள்ள கழுதைதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. அவருடைய கட்டுரையில் ‘அதிகாரம் என்னும் கழுதை’ என்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. காகத்துக்கும் ஒரு பகுதி உண்டு. பசிக்கு இல்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். “உங்கட தம்பியைப் பற்றி ஏன் ஒரு வரியும் எழுதேல்ல?” அதற்கு நான் பகிடி விடவில்லை. கோப்பி ஆறுது, குடியுங்கோ என்றேன்.

என் தம்பி கடலுக்குப் போனவன். வெள்ளாங்குளத்தில் பெண் எடுத்து அங்கேயே இருந்தான். சண்டையின் கடைசிக் காலத்தில் ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது அவனும் மனைவியும் சின்ன மகளும் வெளிக்கிட்டார்கள். கொஞ்சத் தூரம் போன பிறகு, ஆட்டைக் கட்டியபடி விட்டுவிட்டு வந்தது அவனுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. “நீங்கள் நடவுங்கோ. நான் அவிட்டுவிட்டிட்டு வாறன்” என்று திரும்பிப் போனான். வரவில்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவன் எந்தப் படையிலும் இருக்கவில்லை, எந்தக் கொடியும் பிடிக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த ஆட்டின் மேல் கோபம் இருக்கிறது. சில நாட்களில் அவன் மேலும்.

அவன் மனைவி காத்திருந்தாள். காணாமற்போனவர்களைத் தேடுகிற மற்றப் பெண்களோடு படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருந்தாள், கந்தோர் கந்தோராக ஏறினாள். அவளுக்கு அவன் உயிரோடு இருந்தான். அப்படி இருக்கும்போது கல்வெட்டுக்காரன் அவனைப் பற்றி எப்படி வாயைத் திறப்பான்? நான் ஒரு வரி எழுதினால் அவன் செத்துப்போனான் என்று முதலில் சொன்னவன் நானாக இருப்பேன். அதனால் எழுதவில்லை. கட்டுரைக்காரர்கள் தேடிய மௌனம் உண்மையாகவே ஒரு இடத்தில் இருந்ததென்றால் அது இங்கேதான். அதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, காகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போன வருசம் தம்பியின் மகள் வந்தாள். நறுவிலிக்குளத்தில் முன்பள்ளி ரீச்சராக இருக்கிறாள், கலியாணம் பேசி முடிந்திருந்தது. அழைப்புச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “பெரியப்பா, அம்மா ஓம் எண்டிட்டா” என்றாள்.

“எதுக்கு, மோனை?”

“அப்பாவுக்குப் பூசை குடுக்க. கலியாணத்துக்கு முதல் குடுக்கவேணும். அம்மா ரண்டு நாள் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு தானாவே ஓம் எண்டா.”

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். செத்தவர்களுக்குத்தான் அப்படிப் பூசை கொடுப்பார்கள். அவ்வளவு காலமும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொல்லாத சொல்லை இந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொல்லிவிட்டது.

“நீங்கள் நாலு வரி எழுதி வாசிக்கவேணும்” என்றாள். நான் மனைவியைப் பார்க்க, “ஊரில செத்த எல்லாருக்கும் எழுதுறீங்கள். எனக்கு அப்பாவின்ர முதுகு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, பெரியப்பா. நீங்கள் எழுதினால் முகமும் வரும்” என்றாள்.

அவள் போன பிறகு கதிரையில் இருந்தேன். நாலு வரிதானே என்று நினைத்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். தம்பி. கழுதை கொண்டுபோன எழுத்துக்குள் இவனும் இருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவனுடைய ஞானஸ்நானப் பெயரும் ‘த’விலேயே தொடங்கும். அந்தப் பெயருக்கு உரிய புனிதருக்குக்கூட என் பல்லின் மேல் இரக்கம் இருக்கவில்லை.

வேறு சொற்களைத் தேடினேன். ‘சகோதரர்’ என்றால் எங்கள் ஊரில் சபையில் சேர்ந்த சந்நியாசி என்று நினைப்பார்கள், மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்க அது சரிவராது. ‘இளவல்’ என்றால் ஒருவருக்கும் விளங்காது. பழைய இலக்கியத்தில் ‘எம்பி’ என்று ஒரு அழகான சொல் இருக்கிறது, ‘என் தம்பி’ என்று பொருள். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் நின்று ‘எம்பி’ என்று கூப்பிட்டால் சனம் பாராளுமன்ற உறுப்பினர் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்க்கும். ‘உடன்பிறப்பே’ என்று வாசித்துக் காட்டினேன். மனைவி முகம் துடைக்கவில்லை. “எலெக்சன் வருதோ?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அவளே சொன்னாள். “இஞ்சாருங்கோ, உங்கட சொந்தத் தம்பியைத் தம்பி எண்டு கூப்பிடாமல் என்ன பாட்டு? பல்லுக் கட்டுங்கோ.”

பட்டினத்தில் ஒரு இளம் பெண் டொக்டர் இருக்கிறா. அளவெடுத்து, திருத்தி, ஒருவகைப் பசை தந்து, இது இருமினாலும் கழலாது என்றா. “ஐயா, த, தா, தி, தீ சொல்லுங்கோ” என்றா. சொன்னேன். வெளியே வாங்கில் வரிசையாகக் குந்தியிருந்தவர்கள், இந்த வயதில் ஏடு தொடக்குகிறார்களாக்கும் என்று எட்டிப் பார்த்தார்கள். எழுத்து கச்சிதமாக வந்தது. காற்றுமில்லை, எச்சிலுமில்லை. பஸ்ஸில் வரும்போது கொண்டக்டரைத் தேவையில்லாமல் இரண்டு தரம் தம்பி என்று கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுத இருந்தேன். வெகுகாலம் பூட்டிக் கிடந்த மதகைத் திறந்ததுபோல எல்லாம் வந்தன. தம்பி, தணல், தவிப்பு, தாகம், துயரம், தியாகம். ஒரே மூச்சில் நாலு வரி, எதுகை மோனை பிசகாமல்:

தம்பீ! தரணியிலே தவிக்கவிட்டுச் சென்றாயோ!
தாங்கொணாத் துயரினிலே தத்தளிக்கத் தகுமோடா!
தங்கமே! தணலானோம் தனிமையிலே தேம்புகிறோம்!
தியாகச் சுடரே! தெய்வத்தின் தாள்சேர்வாய்!

கதிரையை முற்றத்தில் போட்டேன். மனைவி பலகைக்கு முன்னால் குந்தியிருந்தாள். பழைய மேடைக் குரலில் நாலு வரியையும் வாசித்தேன். அவள் கத்தியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புறங்கையால் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒண்டும் படேல்ல” என்றாள்.

பல்லைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு வெட்டத் தொடங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை, அந்த நாலு வரியையும் மாற்றவில்லை.

பூசை நாள் வந்தது. பூசை முடிந்து சேமக்காலைக்குப் போனோம். தம்பிக்கு அங்கே குழி இல்லை. குழி இல்லாதவர்களுக்கு எங்கள் ஊரில் நடுவில் நிற்கிற பெரிய சிலுவைதான். கடலில் போனவர்கள், வேறு நாட்டில் செத்தவர்கள், என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்கள் எல்லோருக்கும் அதன் அடியில்தான் மெழுகுதிரி கொளுத்துவார்கள். வாசலில் இரண்டு கழுதைகள் யாருடைய மலர்வளையத்தையோ மென்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பழைய கணக்கைத் தீர்க்க அது நேரமல்ல.

பங்குச் சுவாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தம்பியின் மனைவி சிலுவைக்கு முன்னால் நேராக நின்றாள். வீதியில் படத்தோடு இருந்த வருசங்களில் அவள் அழுததை நான் கண்டதில்லை, அன்றைக்கும் அழவில்லை. மகள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தாளை விரித்தேன். “தம்பீ” என்றேன். துல்லியமாக வந்தது, மதிலுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். ஆனால் அது பஸ் கொண்டக்டரை நான் கூப்பிட்ட அதே தம்பி. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு முகமும் வரவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள், முதுகு திரும்புமா என்று பார்ப்பவளைப்போல. அடுத்த வரியில் தணலும் தியாகமும் நின்றன. ஆட்டை அவிழ்க்கப் போனவனுக்கு இவை என்னத்துக்கு என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அவனைத் தம்பி என்று கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்று அம்மா சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பல்லைக் கழற்றினேன். டொக்டர் சொன்னது உண்மை, அது இலேசில் வரவில்லை. சுவாமிக்கு முன்னால் வாய்க்குள் விரலைவிட்டு இழுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளைப் பையன் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தான். பல்லையும் தாளையும் சட்டைப் பைக்குள் போட்டேன். எனக்கு எதிரில் இரண்டு பெண்கள் நின்றார்கள், தம்பியின் மனைவியும் என் மனைவியும்.

“அம்பி” என்றேன். “ஆடு போகட்டும். நீ வா.”

அதற்கு மேல் எனக்கு வரி இருக்கவில்லை. தம்பியின் மனைவி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது. மகள் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். என் எச்சில் தெறித்துவிட்டதோ என்று பதறி என் மனைவியைப் பார்த்தேன். அவளும் தோளை உயர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் துடைத்தால் அந்த வரி போச்சு, அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அவள் கிட்ட வந்து என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, பல் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டாள்.

“இது இருக்கட்டும்” என்றாள்.